அண்ணன் கிளம்பிவிட்டான்

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹாக்கி என்றதும் உங்கள் மனக்கண்ணில் தன்ராஜ் பிள்ளை தலைமுடி பறக்க ஓடிவந்தால், அவரைக் கொஞ்ச நேரம் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். நாம் பார்க்கப்போவது வேறு ஹாக்கி. புல் கிடையாது, பந்து கிடையாது. கீழே வழவழவென்று பனிக்கட்டித் தரை. காலில் கத்தி வைத்த ஷூ. பந்துக்குப் பதிலாகச் சின்ன இட்லி சைஸில் ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. பக் என்று பெயர். அதை நீளமான மட்டையால் தள்ளிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் சுவரோடு வைத்து நசுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். ஐஸ் ஹாக்கி. கனடாக்காரர்களுக்கு அது மதம் மாதிரி. அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த ஆட்டத்துக்கென்று ஒரு துக்கம் உண்டு. வருஷம் தவறாமல் ஏப்ரல் மாதம் வரும். சீசனின் கடைசி ஆட்டம் முடிந்திருக்கும். மறு வாரமே அணியின் ஆகச்சிறந்த பையன்கள் ஒவ்வொருவராக, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பெட்டி கட்டுவார்கள். என்.எச்.எல். என்கிற தேசிய ஹாக்கி லீகின் அணிகள், கையில் ஒப்பந்தமும் பேனாவுமாக வாசலில் நிற்கும். ரசிகர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். யார் போனான், யார் இருக்கிறான், அடுத்த வருஷம் இந்த அணி தேறுமா?

தேறுமா, தேறாதா? இதற்கு ஜோசியம் சொல்வதற்கென்றே அங்கே ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. போகிறவன் அடித்த கோல்களைக் கூட்டுவார்கள், வருகிறவன் அடிக்கக்கூடிய கோல்களைக் கூட்டுவார்கள், கழித்துப் பார்ப்பார்கள். கணக்கு சுத்தமாக இருக்கும். விடை மட்டும் தப்பாக இருக்கும். ஏன் தப்புகிறது என்பதுதான் இந்த வாரக் கதை.

கதாநாயகர் பெயர் ரெட் பெரன்சன்.

*

1939இல் பிறந்தவர். ஊர், கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத்தின் ரெஜைனா. பனிக்குப் பஞ்சமில்லாத ஊர். பையன் அற்புதமாக ஆடுவான். மான்ட்ரியல் கனடியன்ஸ் அணிக்கு அவன்மேல் ஒரு கண். கனடியன்ஸ் என்றால் லேசுப்பட்ட அணி அல்ல. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ஸ்டான்லி கோப்பையை வேறு யார் கைக்கும் விடாத அணி.

அன்றைக்கு என்.எச்.எல். லீகில் மொத்தமே ஆறு அணிகள்தான். அதில் இடம் பிடிக்க ஒரே ஒரு ராஜபாட்டைதான் இருந்தது. பள்ளிக்கூட வயசிலேயே ஜூனியர் அணி, அங்கிருந்து சின்ன லீக், அங்கிருந்து பெரிய லீக். நடுவில் கல்லூரி, பாடப்புத்தகம், பரீட்சை எல்லாம்? மூச். கல்லூரிக்குப் போகிறவனுக்கு ஹாக்கியில் பசி இல்லை என்று அர்த்தம். பெரன்சன் அமெரிக்கா போய்ப் படிக்கப்போகிறேன் என்றபோது கனடியன்ஸ் தரப்பில் அவருக்குச் சொல்லப்பட்ட புத்திமதியும் இதுதான். கல்லூரிக்குப் போனால் நீ தொழில்முறை ஆட்டக்காரனாகவே ஆகமுடியாது.

கேட்டுக்கொண்டார். போய்விட்டார். ஆன் ஆர்பர் நகரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகம்.

மூன்று சீசன் ஆடினார். கடைசி சீசனில் மட்டும் 43 கோல். 1962 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் யூடிகா நகரில் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி. மிச்சிகன் அரையிறுதியில் தோற்று, மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் ஜெயித்தது. அது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெரன்சன் எங்கே இருந்தார் தெரியுமா? பாஸ்டனில். கனடியன்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு, பாஸ்டன் புருயின்ஸ் அணிக்கு எதிராக ஐஸில்.

முந்தின நாள் கல்லூரி மாணவன். அடுத்த நாள் என்.எச்.எல். ஆட்டக்காரன். கல்லூரி ஹாக்கியிலிருந்து நேரடியாகப் பெரிய லீகுக்குப் போன முதல் ஆள் அவர்தான். அதுவரை சுவராக இருந்த இடத்தில் ஒரு கதவு திறந்தது.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பாதியில் ஓடவில்லை. கல்லூரிக்காக ஆடவேண்டிய கடைசி ஆட்டத்தையும் ஆடிவிட்டுத்தான் கிளம்பினார். டிகிரியும் வாங்கினார். அது போதாதென்று, லீகில் ஆடிக்கொண்டே 1966இல் அதே மிச்சிகனில் எம்.பி.ஏ.வும் முடித்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஹாக்கி சரித்திரம். 1965இல் ஸ்டான்லி கோப்பை. அப்புறம் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி. 1968 நவம்பர் 7 அன்று, பிலடெல்பியாவில், எதிராளியின் சொந்த மைதானத்தில், ஒரே ஆட்டத்தில் ஆறு கோல். மொத்தம் 987 ஆட்டங்கள். ஓய்வு பெற்றபின் அதே செயின்ட் லூயிஸுக்குப் பயிற்சியாளர். 1981இல் லீகின் சிறந்த பயிற்சியாளர் என்று விருது. கல்லூரிக்குப் போனால் உருப்பட மாட்டாய் என்று சொன்னவர்களுக்கு இதைவிட விவரமாக யாரும் பதில் சொல்ல முடியாது.

1984இல் மிச்சிகன் அவரைக் கூப்பிட்டது. வா, வந்து உன் பழைய அணிக்குக் கோச்சாக இரு.

வந்தார். விதி அங்கேதான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. கல்லூரியிலிருந்து லீகுக்குப் போகும் கதவை முதன்முதலில் திறந்த மனிதர், அடுத்த 33 வருஷம் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, தம்பி, இப்பவே போகாதே, இன்னும் ஒரு வருஷம் இரு என்று பையன்களிடம் சொல்லவேண்டி வந்தது.

*

ஏன் போகிறார்கள்? பணம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் விஷயம் அதைவிடக் கொஞ்சம் சிக்கல்.

லீகில் வருஷாவருஷம் டிராஃப்ட் நடக்கும். 18 வயது ஆகிற பையன்களை முப்பத்துச் சொச்சம் அணிகளும் முறைபோட்டு, எனக்கு இவன், உனக்கு அவன் என்று எடுத்துக்கொள்ளும். நிச்சயதார்த்தம் மாதிரி. தாலி இன்னும் கட்டவில்லை. பையன் கல்லூரிக்குப் போய் நாலு வருஷம் படித்துக்கொண்டே ஆடலாம். அதுவரை அவன்மேல் உரிமை எடுத்த அணிக்கு மட்டும்தான். வேறு அணி தொடமுடியாது.

ஆனால் நாம் பேசுகிற வருஷங்களில் ஒரு விதி இருந்தது. நாலு வருஷப் படிப்பையும் முடித்துவிட்டு, அந்த ஆகஸ்ட் 15 வரைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் பையன் உட்கார்ந்திருந்தால், நிச்சயதார்த்தம் ரத்து. அவன் சுதந்திரப் பறவை. பிடித்த அணிக்குப் போகலாம். 2016இல் ஹார்வர்டில் படித்த ஜிம்மி வீசி அப்படித்தான் செய்தார். நாஷ்வில் அணி அவருக்காக நாலு வருஷம் காத்திருந்தது. அவர் கையை உதறிவிட்டு நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போய்விட்டார். இந்தப் பயத்தினாலேயே, மூன்றாவது வருஷம் முடிந்ததும் அணிகள் பையனை விரட்ட ஆரம்பிக்கும். வந்துடு, வந்துடு.

பையன் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. புதிதாக வருகிறவனுக்கு முதல் ஒப்பந்தத்தில் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு. 2021இல் எடுக்கப்பட்டவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் வருஷத்துக்கு அதிகபட்சம் 9,25,000 டாலர். நமக்குத் தலை சுற்றும். அவர்களுக்கு அது ஆரம்ப விலை. உண்மையான பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. முதல் ஒப்பந்தம் சாதாரணமாக மூன்று வருஷம். கல்லூரி சீசன் முடிந்த கையோடு ஏப்ரலிலேயே கையெழுத்துப் போட்டு, லீகில் இரண்டு மூன்று ஆட்டம் ஆடினால்கூட, வயது கொஞ்சம் கூடின பையனுக்கு அதில் ஒரு வருஷம் கழிந்த கணக்கு. பெரிய பணத்துக்கான காத்திருப்பில் முழுசாக ஒரு வருஷம் மிச்சம். ஏப்ரலில் ஏன் இத்தனை அவசரம் என்று இப்போது புரிகிறதா?

கோச்சின் நிலைமையை யோசியுங்கள். அவர் பதினாறு வயசுப் பையன்களின் வீட்டு வாசலில் தவம் கிடந்து, வாக்கு வாங்கி, இரண்டு வருஷம் கழித்து அவன் வரும்போது இந்த நாற்காலி காலியாக இருக்கும், அந்த நாற்காலியில் இன்னார் இருப்பான் என்று திட்டம் போட்டு வைத்திருப்பார். ஒரு போன்கால். நாற்காலி காலி. சில சமயம் அது ஏப்ரலில் வரும். சில சமயம் ஜூலையில் வரும். அதற்குமேல் நல்ல ஆள் எங்கே கிடைப்பான்?

*

மிச்சிகனில் பெரன்சன் வந்தபோது ஹாக்கி படுத்த படுக்கையாகக் கிடந்தது. கல்லூரி வளாகத்தில் நின்று மாணவர்களுக்கு இலவசமாக டிக்கெட் கொடுத்துப் பார்த்தார். வாங்க ஆளில்லை. முதல் சீசனில் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். தேசியப் போட்டிக்கே அவரது அணி 1991இல்தான் போகமுடிந்தது. அதன்பின் 2012 வரை தொடர்ந்து 22 வருஷம் தவறவே இல்லை.

1996இல் கோப்பை. சின்சினாட்டியில் இறுதி ஆட்டம், கூடுதல் நேரம், பிரெண்டன் மோரிசன் என்கிற மூன்றாம் வருஷ மாணவனின் கோல். மிச்சிகன் 1964க்குப் பிறகு, 32 வருஷம் கழித்து, சாம்பியன்.

எல்லோரும் என்ன எதிர்பார்த்தார்கள்? மோரிசனை நியூ ஜெர்சி அணி 1993லேயே எடுத்து வைத்திருந்தது. ஜேசன் பாட்டெரில் டல்லாஸ் அணியின் முதல் சுற்றுத் தேர்வு. கோப்பை கையில். இனி என்ன? கிளம்பவேண்டியதுதான்.

யாரும் கிளம்பவில்லை. அந்த மூன்றாம் வருஷப் பையன்கள் அத்தனை பேரும் நாலாவது வருஷத்துக்குத் திரும்பி வந்தார்கள். ஒன்பது பேர். இதே பல்கலைக்கழகத்தில் 1969இல் கால்பந்து கோச்சாக வந்த போ ஷெம்பெக்லர், பயிற்சி தாங்காமல் ஆட்டக்காரர்கள் ஓடிக்கொண்டிருந்த நாளில் சுவரில் ஒரு பலகை மாட்டினார். தங்குகிறவர்களே சாம்பியன் ஆவார்கள் என்று பொருள்படும் ஒரு வாசகம். மிச்சிகனில் அது கிட்டத்தட்ட வேதவாக்கு. அந்த ஒன்பது பேரும் அதற்கு உயிருள்ள உதாரணம் மாதிரி இருந்தார்கள்.

1996-97 சீசனில் அந்த அணி அடித்த அடி, அடேயப்பா. 43 ஆட்டம். 35 வெற்றி, நாலே நாலு தோல்வி, நாலு டிரா. நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹோபி பேக்கர் விருது மோரிசனுக்கு. கோப்பையை அவர்கள் பெயர் எழுதித்தான் செய்து வைத்திருப்பார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அரையிறுதி. மில்வாக்கி. எதிரே பாஸ்டன் பல்கலைக்கழகம். 3-2. தோற்றுப்போனார்கள்.

அந்த நாலாவது தோல்வி அதுதான். ஒரே ஒரு ராத்திரி. ஒன்பது பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பினார்கள். பலகை பொய் சொல்லிவிட்டது.

1997-98. ஜோசியர்கள் கழித்தல் கணக்கைப் போட்டார்கள். போனவர்கள் ஒன்பது. வந்தவர்கள் மீசை முளைக்காத முதல் வருஷப் பையன்கள். மிச்சிகன் இந்த வருஷம் அவ்வளவுதான். கட்டிடம் கட்டும் வருஷம். அதாவது, தோற்கப்போகிறோம் என்பதை மரியாதையாகச் சொல்வது.

என்ன ஆச்சு? அந்த அணி 34 ஆட்டம் ஜெயித்தது. தேசியப் போட்டியில், தங்கள் சொந்த ஊரில், முந்தின வருஷ சாம்பியன் வட டகோட்டாவை 4-3 என்று வீட்டுக்கு அனுப்பியது. அரையிறுதியில் நியூ ஹாம்ப்ஷயர், 4-0. இறுதி ஆட்டம் பாஸ்டன் நகரில், பாஸ்டன் கல்லூரிக்கு எதிராக. அரங்கம் முழுக்க எதிரியின் ஆட்கள். 2-2. கூடுதல் நேரம். அதிலும் பதினேழு நிமிஷத்துக்குமேல் இழுத்தது. ஜோஷ் லாங்ஃபெல்ட் என்று ஒரு முதல் வருஷப் பையன் பக்கைத் தட்டிவிட்டான். உள்ளே போய்விட்டது. மிச்சிகன் சாம்பியன். மிச்சிகனின் ஒன்பதாவது பட்டம் அது.

தங்கிய ஒன்பது பேருக்குக் கிடைக்காதது, அவர்கள் போனபிறகு, அவர்களது தம்பிகளுக்குக் கிடைத்தது.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம்தான். ஹாக்கியில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த அணியில் இருந்தவர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கோல்கீப்பர் மார்ட்டி டர்கோ, நாலாம் வருஷம். 32 கோல் அடித்த பில் மக்கால்ட், நாலாம் வருஷம். கேப்டன் மேட் ஹெர், நாலாம் வருஷம். மக்கால்டை 1994லேயே வான்கூவர் அணி எடுத்து வைத்திருந்தது. ஆனாலும் இருந்தார். இவர்கள் எல்லாம் ஏன் இருந்தார்கள்? அதற்கு முந்தின வருஷம் ஒன்பது அண்ணன்கள் இருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள். இருப்பது என்பது அந்த வீட்டில் பழக்கமாகிவிட்டது.

ஒரு தகவல். அந்த ஒன்பது பேரில் ஒருவர் ஜான் மேடன். டிராஃப்டில் அவரை எந்த அணியும் சீந்தவே இல்லை. நாலு வருஷமும் கல்லூரியில் ஆடிவிட்டுப் போன அந்த மனிதர், என்.எச்.எல்.லில் மூன்று தடவை ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். 2000, 2003, 2010.

*

எல்லாக் காலமும் அப்படியே இருக்குமா?

1999இல் மைக் வான் ரின் என்கிற மிச்சிகன் தடுப்பாட்டக்காரர் விதிப்புத்தகத்தில் ஒரு பொந்தைக் கண்டுபிடித்தார். அவரை எடுத்திருந்தது நியூ ஜெர்சி. கல்லூரியை விட்டு விலகி, கனடாவின் ஜூனியர் லீகில் ஒரு வருஷம் ஆடினால் நியூ ஜெர்சியின் உரிமை காலாவதியாகிவிடும் என்று அவர் தரப்பு வாதிட்டது. 2000இல் நடுவர் தீர்ப்பு அவருக்குச் சாதகம். சுதந்திரமாகப் போய்ச் சேர்ந்த அணி எது தெரியுமோ? செயின்ட் லூயிஸ். பெரன்சனின் பழைய அணி. இதே பொந்தை வைத்து மிரட்டி, மிச்சிகனின் மைக் காம்ரி இரண்டு வருஷப் படிப்போடு கிளம்பி, எட்மன்டன் அணியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்.

அப்புறம் பொந்தெல்லாம் தேவைப்படவில்லை. வாசல் கதவு வழியாகவே நடந்தார்கள். 2007இல் ஜாக் ஜான்சன், ஆண்ட்ரூ காக்லியானோ, இரண்டு வருஷத்தில். 2008இல் மேக்ஸ் பேசியொரெட்டி, ஒரே வருஷத்தில்.

2016க்கு வாருங்கள். அந்த சீசனில் மிச்சிகனின் முன்வரிசையில் மூன்று பேர். கைல் கானர், ஜே.டி. காம்ஃபர், டைலர் மோட். மூன்று பேரும் சேர்ந்து 80 கோல்களுக்குமேல். கானர் முதல் வருஷ மாணவன். 71 புள்ளிகளோடு நாட்டிலேயே முதலிடம். பின்வரிசையில் ஸாக் வெரென்ஸ்கி, இரண்டாம் வருஷம். பார்த்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்ட அணி.

தேசியப் போட்டியில் வட டகோட்டாவிடம் தோற்றார்கள். சீசன் முடிந்தது. கானர் கிளம்பினார். வெரென்ஸ்கி கிளம்பினார். காம்ஃபர், மோட், பின்வரிசையிலிருந்து இன்னொரு மூன்றாம் வருஷக்காரர். ஒரே வசந்தத்தில் ஐந்து பேர்.

போனவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? வெரென்ஸ்கி கல்லூரியை விட்ட மூன்று மாதத்துக்குள் கொலம்பஸின் துணை அணியோடு சின்ன லீகின் கோப்பையை ஜெயித்தார். கானர் வின்னிபெக் அணியின் முக்கியமான கோல் மெஷினாக ஆனார். இருபது வயசில் ஒருத்தன் வேலைக்குத் தயாராக இருக்கிறான், வேலையும் தயாராக இருக்கிறது. எந்த முகத்தோடு நில் என்று சொல்வது? அதுவும், அந்தக் கதவை முதலில் திறந்த மனிதர்?

2016-17 சீசன். மிச்சிகன் 13 வெற்றி, 19 தோல்வி, 3 டிரா.

கழித்தல் கணக்கு இந்தத் தடவை சரியாக வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. 1998க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கேயும் போனார்கள், இங்கேயும் போனார்கள். ஆனால் 1997இல் போனவர்கள் நாலு வருஷம் இருந்துவிட்டுப் போனவர்கள். தோற்கும்போது டிரெஸ்ஸிங் ரூமில் எப்படி உட்கார்ந்திருக்கவேண்டும், காலை ஆறு மணிப் பயிற்சிக்கு எப்படி எழுந்து வரவேண்டும், மூன்றாவது பீரியடில் ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது பதறாமல் எப்படி ஆடவேண்டும் என்பதையெல்லாம் தம்பிகளுக்குக் காட்டிவிட்டுப் போனவர்கள். 2016இல் போனவர்களில் நாட்டின் முதல்நிலை ஆட்டக்காரனுக்கே அது முதல் வருஷம். அவன் யாருக்கு அண்ணனாக இருக்கமுடியும்? அவனே கடைக்குட்டி.

கோல் அடிக்கிறவனைத் தேடிப் பிடித்துவிடலாம். அண்ணனைத் தேடிப் பிடிக்கமுடியாது. அவன் வீட்டிலேயே வளரவேண்டும். அதற்கு நாலு வருஷம் ஆகும்.

2017 ஏப்ரலில் பெரன்சன் விலகிக்கொண்டார். வயது 77. மிச்சிகன் கோச்சாக 848 வெற்றிகள். கடைசி சீசன் தோல்வி சீசன். முதல் சீசன் மாதிரியே.

*

பெரன்சனோடு கதை முடியவில்லை. இன்னும் பெரிய பரிசோதனை ஒன்று பாக்கியிருந்தது.

2021 டிராஃப்ட். முதல் ஐந்து இடங்களில் நாலு பேர் மிச்சிகன்காரர்கள். முதலாவது ஓவன் பவர், இரண்டாவது மேட்டி பெனியர்ஸ், நாலாவது லூக் ஹியூஸ், ஐந்தாவது கென்ட் ஜான்சன். ஒரே கல்லூரிக்கு இப்படி நடப்பது சரித்திரத்தில் முதல் தடவை. பவர், பெனியர்ஸ், ஜான்சன் மூவரும் உடனே கிளம்பாமல் இன்னொரு வருஷம் ஆடத் திரும்பி வந்தார்கள். ஹியூஸ் புதிதாகச் சேர்ந்தார். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள் மட்டும் அணியில் ஏழு பேர். 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு என்.எச்.எல். தன் ஆட்களை அனுப்பவில்லை. கனடாவுக்கு இரண்டு பேர், அமெரிக்காவுக்கு இரண்டு பேர் என்று மிச்சிகனிலிருந்து நாலு மாணவர்கள் போய் ஆடினார்கள். அப்பேர்ப்பட்ட அணி.

2022 ஏப்ரல் 7, பாஸ்டன், அரையிறுதி. எதிரே டென்வர் பல்கலைக்கழகம். 3-2, கூடுதல் நேரத்தில். மறுபடியும் மிச்சிகன் காலி.

டென்வரின் கேப்டன் கோல் கட்மன். நாலாம் வருஷம். 2017லேயே டாம்பா அணி எடுத்து வைத்திருந்தும் கடைசிவரை இருந்தவர். இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் டென்வர் 5-1 என்று ஜெயித்தது. அந்த ஐந்து கோலும் கடைசிப் பீரியடில் அடித்தது. இரண்டு பீரியட் பின்தங்கியிருந்தும் பதறாத அணி. சொன்னேனே, அதுதான்.

அடுத்த வருஷமும் இதே கதை. 2023 இறுதியில், நட்சத்திரங்கள் மின்னிய மினசோட்டாவை, கூடுதல் நேரம் ஆரம்பித்த பத்தாவது வினாடியில் கவிழ்த்தது குவினிபியாக் என்கிற சின்னப் பல்கலைக்கழகம். அதன் கேப்டனுக்குக் கல்லூரியில் அது ஐந்தாவது வருஷம். இதற்கும் முன்னால், 2014இல், சுமார் 2,200 மாணவர்களே படிக்கும் யூனியன் கல்லூரி இதே மினசோட்டாவை இறுதியில் 7-4 என்று விரட்டியது. 2015இல் ஜாக் ஐக்கல் என்கிற பதினெட்டு வயசு மேதையை வைத்திருந்த பாஸ்டன் பல்கலைக்கழகம் பிராவிடன்ஸ் கல்லூரியிடம் இறுதியில் தோற்றது. ஐக்கல் கிளம்பிவிட்டார். 2024இல் மேக்லின் செலபிரினி என்று இன்னொரு மேதை. அதே பாஸ்டன் பல்கலைக்கழகம், அரையிறுதியில் டென்வரிடம் தோல்வி. அவரும் கிளம்பிவிட்டார்.

அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நட்சத்திரங்கள் இருந்தால் தோற்கும் என்று விதி எதுவும் கிடையாது. மிச்சிகன் 2022, 2023, 2024 மூன்று வருஷமும், ஆளை மாற்றி மாற்றி, கடைசி நாலு அணிகளில் ஒன்றாக நின்றது. அது சாதாரண விஷயமல்ல. ஒவ்வொரு ஏப்ரலிலும் வீடு காலியாகும். ஒவ்வொரு செப்டம்பரிலும் புது மேதைகள் வந்து நிரப்புவார்கள். கடைசி நாலுவரை வந்துவிட மேதைகள் போதும். அதற்குமேல் இரண்டு ஆட்டம் இருக்கிறதே, அங்கேதான் அண்ணன் தேவைப்படுகிறான்.

*

கடைசியாக ஒரு வேடிக்கை.

பின்னாளில் கல்லூரிகளின் சங்கமான என்.சி.ஏ.ஏ. ஒரு கறாரான விதி வைத்திருந்தது. கனடாவின் பெரிய ஜூனியர் லீகுகளில் ஒரு பையன் ஆடிவிட்டால், அங்கே கைச்செலவுக்குப் பணம் தருகிறார்கள் என்பதால், அவன் தொழில்முறை ஆள். கல்லூரியில் ஆடமுடியாது. 2024 நவம்பரில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து கதவு திறப்பு. அதற்குள் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றும் ஆகிவிட்டது. 2025 ஜூலையில், கனடா ஜூனியர் ஹாக்கியின் பெரிய நட்சத்திரமான கேவின் மெக்கென்னா, அதை விட்டுவிட்டு அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேரப்போவதாக அறிவித்தார்.

ரெஜைனாவில் ஒரு பையனுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி ஞாபகம் இருக்கிறதா? கல்லூரிக்குப் போனால் நீ தொழில்முறை ஆட்டக்காரன் ஆகமுடியாது. அறுபது சொச்சம் வருஷத்தில் அது அப்படியே தலைகீழாகத் திரும்பி, தொழில்முறைக்குப் போகவேண்டுமா, கல்லூரி வழியாகப் போ என்று ஆகிவிட்டது.

இனிமேல் பையன்கள் அதிக நாள் இருப்பார்களா, இன்னும் சீக்கிரம் போவார்களா? பணம் இங்கேயே கிடைத்தால் இருப்பார்கள் என்கிறது ஒரு கட்சி. பணத்துக்காக வருகிறவன் அதிகப் பணத்துக்காகப் போகவும் செய்வான் என்கிறது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் இப்போதைக்குக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் கணக்குப் போடட்டும். நீங்கள் அடுத்த தடவை எங்காவது ஒரு அணியைப் பார்த்து, இது தேறுமா என்று யோசித்தால், ஹாக்கியோ, கிரிக்கெட்டோ, உங்கள் ஆபீஸோ, எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணாதீர்கள். போனவர்கள், போவதற்கு முன்னால் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்களா என்று விசாரியுங்கள்.

1997இல் மில்வாக்கியில் தோற்று வெளியேறிய அந்த ஒன்பது பேருக்கும் அந்த வருஷத்தில் கோப்பை இல்லை. ஆனால் மறு வருஷம் பாஸ்டனில் லாங்ஃபெல்ட் தட்டிய பக் உள்ளே போனபோது, அந்த மட்டையில் ஒன்பது கைகள் கூடுதலாக இருந்தன.